‘உண்டு’ என்பதும் ‘இல்லை’ என்பதும்

ரேணிகுண்டாவிலிருந்து காளஹஸ்திக்குச் செல்லும் ரயில் பாதையில் ஏர்பேடு என்னும் ஊர் உள்ளது. மலையாள சுவாமிகள் நிறுவிய வியாசாசிரமத்தால் பெயர் பெற்ற இவ்வூருக்கு, 2015-ம் ஆண்டில் தொடங்கப்பட்ட இரண்டு தேசிய நிலையங்கள் புதிய பெருமையைத் தந்திருக்கின்றன. திருப்பதியின் பெயரைத் தாங்கிய இந்தியத் தொழில் நுட்பக் கழகமும், இந்திய விஞ்ஞானக் கல்வி ஆராய்ச்சி நிலையமும் இன்று ஏர்பேடு மண்டலத்திலேயே இயங்கி வருகின்றன. முன்னர் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இப்பகுதி 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டத்தில் அடங்கியுள்ளது. இங்கே தெலுங்கே பெருவழக்கு. எனினும் வீட்டுக்குள் தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக உள்ளன. என் சித்தி அத்தகைய குடும்பம் ஒன்றில் வாழ்க்கைப்பட்டவர்.

2022-ம் ஆண்டின் இறுதியில் சித்தியின் இடது மார்பில் ஒரு கட்டி தோன்றிற்று. சிறிய மருத்துவமனை ஒன்றில் ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். இருபது நாட்களுக்குப் பின் ஆங்கிலத்தில் அச்சடித்த இரண்டு தாள்கள் வந்தன. முதல் தாளில் நீண்ட பெயர் ஒன்று இருந்தது. அதை யாரும் படிக்க முயலவில்லை. இரண்டாம் தாளில் மூன்று வரிகள். ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘நெகடிவ்’ என்னும் ஒரே சொல். பக்கத்து வீட்டுப் பெண்மணி, பத்தாம் வகுப்பு வரை படித்தவர், அதைப் பார்த்துவிட்டு, “நெகடிவ் அண்டே மஞ்சிதே கதா பின்னி!” என்றாராம். ‘நெகடிவ் என்றால் நல்லதுதானே, சித்தி!’ என்பது அதன் பொருள். வீட்டில் பொங்கல் வைத்துப் பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தார்கள். தாள்கள் அரிசிப் பானைக்கு மேலிருந்த பரணுக்குச் சென்றன.

அடுத்த மூன்று மாதங்கள் எவ்விதச் சிகிச்சையும் நடைபெறவில்லை.

அப்பெண்மணியைக் குறை கூற இயலாது. 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா நோய் பரவியபோது, நாடு முழுவதும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கற்றுக் கொண்டது. ‘பாசிடிவ்’ என்றால் நோய் உண்டு. ‘நெகடிவ்’ என்றால் நோய் இல்லை, வீட்டுக்குப் போகலாம். அதற்கு முன்னரே எச்.ஐ.வி. சோதனையும் இப்பாடத்தைப் புகட்டியிருந்தது. நம் களப்பணியாளர்களே வீடு வீடாகச் சென்று இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். அது அப்போது சரியாகவும் இருந்தது. மார்பகப் புற்றுநோயின் சோதனைத் தாளில் அதே சொல் முற்றிலும் வேறான ஒரு கேள்விக்கு விடையாக நிற்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாக ஆங்கிலத்திலிருந்து தமிழில் மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நானும், சித்தி தொலைபேசியில் “எல்லாம் நெகடிவ் என்று வந்துவிட்டது” என்று சொன்னபோது, “மிக்க மகிழ்ச்சி” என்றுதான் விடையளித்தேன். இக்கட்டுரையை எழுதுவதற்கு அதுவே காரணம்.

அத்தாளின் கேள்வி, ‘புற்றுநோய் உண்டா, இல்லையா’ என்பதன்று. புற்றுநோய் உண்டென்று முதல் தாளிலேயே முடிவாகிவிட்டது. இரண்டாம் தாள் கேட்பது, ‘இந்தப் புற்றுநோயின் உயிரணுக்களில் இன்ன புரதம் உண்டா’ என்பதாகும். மூன்று புரதங்களைப் பற்றி மூன்று கேள்விகள்: ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2. சில தாள்களில் கீ-67 என்று நான்காவதாக ஒன்றும் காணப்படும். அது உயிரணுக்கள் எவ்வளவு விரைவாகப் பிரிந்து பெருகுகின்றன என்பதைக் காட்டும் அளவே ஆதலின், அதை இங்கே விட்டுவிடலாம்.

இக்கேள்விகள் எவ்வாறு பிறந்தன என்பதைக் கிராமத்தில் பணியாற்றுவோர் விரும்பிக் கேட்பார்கள் என்று நம்புகிறேன். ஏனெனில் கதையின் தொடக்கத்தில் ஒரு பசு இருக்கிறது. ஸ்காட்லாந்து நாட்டைச் சேர்ந்த ஜார்ஜ் பீட்சன் என்னும் மருத்துவர், பால் சுரத்தலைப் பற்றி ஆராய்ந்து வந்தார். கன்று ஈன்ற பசுவின் சூற்பைகளை நீக்கிவிட்டால் அது நெடுங்காலம் பால் கொடுக்கும் என்பது சில நாடுகளில் குடியானவர் வழக்கம் என அவர் அறிந்தார். சூற்பை எங்கோ அடிவயிற்றில் இருக்கிறது. மடி வேறிடத்தில் இருக்கிறது. இரண்டிற்கும் இடையே நரம்புத் தொடர்பு ஏதும் புலப்படவில்லை. எனினும் ஒன்று மற்றொன்றை ஆள்கிறது. அவ்வாறாயின் மார்பில் தோன்றும் புற்றையும் சூற்பை ஆளக்கூடுமோ என்று அவர் ஐயுற்றார். கட்டி பரவி, அறுத்து நீக்க இயலாத நிலையை அடைந்த இளம் பெண் ஒருவருக்குச் சூற்பைகளை நீக்கினார், கட்டி சுருங்கிற்று. 1896-ம் ஆண்டு இதனை அவர் வெளியிட்டபோது ஹார்மோன் என்னும் சொல்லே வழக்கில் இல்லை.

பின்னர் பலர் இச்சிகிச்சையைச் செய்து பார்த்தனர். ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கே பயன் கிட்டிற்று. மற்ற இருவர் வீணாக ஓர் அறுவைச் சிகிச்சையைத் தாங்கினர். பயன்பெறப் போகிறவர் யார் என்று முன்கூட்டியே அறிய அரை நூற்றாண்டுக்கு மேல் வழி பிறக்கவில்லை.

வழி கண்டவர் சிக்காகோவில் பணியாற்றிய எல்வுட் ஜென்சன் என்னும் ரசாயன அறிஞர். ஈஸ்ட்ரோஜன் மூலக்கூறில் கதிரியக்கமுள்ள ஹைட்ரஜனைப் பொருத்தி, அதை இளம் பெண் எலிகளுக்குச் செலுத்தினார். ரத்தத்தின் வழியே அது உடலெங்கும் சென்றது; தசையிலிருந்து விரைவில் வெளியேறிற்று; கருப்பையிலோ தங்கிவிட்டது. அங்கே அதைப் பிடித்து வைத்துக் கொள்ளும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். 1958-ம் ஆண்டு வியன்னா நகரில் நடைபெற்ற உயிர் ரசாயன மாநாட்டில் இதை அவர் எடுத்துரைத்தபோது, கேட்க வந்தவர்கள் ஐவர் என்று பின்னாளில் அவரே நினைவு கூர்ந்திருக்கிறார். பிடித்து வைத்துக் கொள்ளும் அப்பொருள் ஒரு புரதம். அதுவே ஈஸ்ட்ரோஜன் ஏற்பி. ஏற்பி உள்ள புற்றுநோய் ஹார்மோனை உண்டு வளர்கிறது. ஆகவே ஹார்மோனைத் தடுத்தால் அது வாடுகிறது. ஏற்பி இல்லாத புற்றுநோய் ஹார்மோனைப் பொருட்படுத்துவதில்லை. பீட்சனின் மூவரில் ஒருவர் யார் என்பதற்கு இவ்வாறு விடை கிடைத்தது.

இதற்கிடையே பிரிட்டனில் ஐ.சி.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், 1960-களின் தொடக்கத்தில், கருத்தடைக்கென்று உருவாக்கப்பட்டு அதற்கு உதவாமற்போன மருந்து ஒன்று இருந்தது. ஈஸ்ட்ரோஜன் அமர வேண்டிய இடத்தில் தான் சென்று அமர்ந்து கொள்வது அதன் இயல்பு. இன்று டமாக்சிபென் என்று நாம் அறிவது அம்மருந்தையே. நம் நாட்டில் அது நாளொன்றுக்குச் சில ரூபாய் விலையில் கிடைக்கும் மாத்திரை. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ள புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பெண்கள் ஐந்து ஆண்டுகள் அதை உட்கொண்டால், அடுத்த பதினைந்து ஆண்டுகளில் அந்நோயால் இறப்பவர் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்பது, பல்லாயிரம் பெண்களின் விவரங்களைத் திரட்டி 2011-ம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு. ஏற்பி இல்லாதவர்களுக்கு அம்மாத்திரையால் பயன் இல்லை. எனவே தாளிலுள்ள அந்த ஒரு வரியே ஐந்தாண்டு மாத்திரையைத் தருகிறது அல்லது மறுக்கிறது.

ஹெர்-2 வேறு வகையைச் சேர்ந்தது. அது உயிரணுவின் மேற்பரப்பில் நின்று ‘வளர்க’ என்னும் ஆணையை உள்ளே அனுப்பும் புரதம். இதன் வரலாற்றில் ஓர் இந்தியர் பங்கு உண்டு. 1982-ம் ஆண்டு, அமெரிக்காவில் ராபர்ட் வைன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில், எலியின் நரம்புக் கட்டியிலிருந்து இப்புரதத்தின் இனத்தைச் சேர்ந்த ஒன்றை முதலில் அடையாளம் கண்டவர் லட்சுமி சரண் பாதி. அன்று அதன் மருத்துவப் பயன் யாருக்கும் தோன்றவில்லை. மார்பகப் புற்றுநோயில் இப்புரதம் மிகுந்தால் நோய் கடுமையாகிறது என்று 1987-ம் ஆண்டு டெனிஸ் ஸ்லாமனும் அவருடைய தோழர்களும் காட்டினர். அதைத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்து 1998-ம் ஆண்டு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நெடுங்காலம் நம்மவர்க்கு எட்டாத விலையில் இருந்த அம்மருந்தின் இந்தியத் தயாரிப்பு ஒன்றைப் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2014-ல் விற்பனைக்குக் கொண்டு வந்தது.

இப்போது மொழிபெயர்ப்பாளனின் இடர்ப்பாட்டைக் கவனியுங்கள். முதல் வரியில் ‘பாசிடிவ்’ என்றிருந்தால் மாத்திரைக்கு இடம் உண்டு என்று ஆறுதல் கொள்ளலாம். மூன்றாம் வரியில் ‘பாசிடிவ்’ என்றிருந்தால் நோய் கடுமையானது, ஆயினும் அதற்கென்று தனி மருந்து உண்டு என்று பொருள். மூன்று வரியிலும் ‘நெகடிவ்’ என்றிருந்தால், நோய் இல்லை என்பதற்கு நேர் மாறாக, ஹார்மோன் மாத்திரைக்கும் ஹெர்-2 மருந்துக்கும் கட்டுப்படாத வகை இது, ரசாயன மருந்துச் சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும் என்று பொருள். ஒரே தாளில், ஒரே சொல், வரிக்கு வரி வேறு முகம் காட்டுகிறது. இதனை நம் கலைச் சொற் பட்டியல்கள் ‘நேர்மறை’, ‘எதிர்மறை’ என்று பெயர்க்கின்றன. மின்சாரத்திற்கும் கணக்கிற்கும் இச்சொற்கள் பொருந்தும். பள்ளி ஆசிரியர்கள் நாள்தோறும் கையாளுகிறார்கள். நோயாளியின் கையில் ‘எதிர்மறை’ என்னும் சொல்லைக் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? தெலுங்கிலோ ‘ருணாத்மகம்’ என்கிறார்கள். ருணம் என்றால் கடன். சித்தியின் தாளில் மூன்று கடன்கள் என்று எழுதியிருந்தாலும் ஒருவேளை யாரேனும் விழித்துக் கொண்டிருப்பார்கள்!

என் கருத்து யாதெனில், இவ்விடத்தில் ஆங்கிலச் சொல்லின் நிழலைத் துரத்துவதை விட்டு, தாள் எதைச் சொல்கிறதோ அதை எழுத வேண்டும் என்பதே. ‘புற்றுநோய் உண்டு. ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இல்லை. புரோஜெஸ்டிரோன் ஏற்பி இல்லை. ஹெர்-2 மிகுதி இல்லை.’ முதல் வாக்கியத்தை முதல் தாளிலேயே சொல்லிவிட்டோம் என்று சோதனைக் கூடத்தார் கூறலாம். மீண்டும் சொல்வதால் குறைவொன்றும் வராது. ‘ஏற்பி’ என்னும் சொல் புதியதாயிற்றே என்பர் சிலர். கதவில் தாழ்ப்பாள் உண்டா, இல்லையா என்பது போல, மருந்து பற்றிக் கொள்ள ஒரு பிடி உண்டா, இல்லையா என்று விளக்கிவிட்டால் புதிய சொல் தானே பழகிவிடும். ‘பிடி இல்லை’ என்று கேட்ட எவரும் பொங்கல் வைக்க மாட்டார்கள்.

இதுவரை சொல்லைப் பற்றிக் கூறினேன். அச்சொல் உண்மையானதா என்பது அடுத்த கேள்வி. இதுவே அதிக முக்கியமானது என்று இப்போது கருதுகிறேன்.

மூன்று மாதங்களுக்குப் பின் சித்தியைத் திருப்பதியில் பெரிய மருத்துவமனை ஒன்றிற்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த பெண் மருத்துவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “அம்மா, சதைத் துணுக்கை எதில் போட்டு அனுப்பினார்கள்?” என்று கேட்டார். உடன் சென்றிருந்த தம்பிக்கு நினைவிருந்தது: குளுக்கோஸ் பாட்டிலைப் போன்ற ஒன்றிலிருந்து உப்பு நீரைச் சிறு குப்பியில் ஊற்றி, அதில் போட்டார்கள், அன்று சனிக்கிழமை, திங்கட்கிழமைதான் குப்பி நகரத்திற்குச் சென்றது. மருத்துவர் தாளை மூடி வைத்தார். “இந்த ‘இல்லை’யை நம்பி நான் ஒன்றும் செய்ய மாட்டேன்” என்றார்.

காரணம் எளியது. உடலிலிருந்து எடுத்த கணமே சதை கெடத் தொடங்குகிறது. பாலைப் புரை ஊற்றாமல் வெயிலில் வைத்தால் என்ன ஆகுமோ, ஏறத்தாழ அதுவே இங்கும் நிகழ்கிறது. உயிரணுவுக்குள் இருக்கும் புரதங்கள் சிதைகின்றன. பத்து சதவிகிதப் பார்மலின் கரைசலில் இட்டால் புரதங்கள் இருந்த இடத்திலேயே கட்டுண்டு நிற்கும். சதையை எடுத்த ஒரு மணி நேரத்திற்குள் பார்மலினில் இட வேண்டும். கரைசல் சதையைப் போல் பத்து மடங்கு இருக்க வேண்டும். ஆறு மணி நேரத்திற்குக் குறையாமலும் எழுபத்திரண்டு மணி நேரத்திற்கு மிகாமலும் அதில் ஊற வேண்டும். இவை உலகெங்கும் ஒப்புக் கொள்ளப்பட்ட விதிகள். அறுவைச் சிகிச்சையில் மார்பு முழுவதும் நீக்கப்பட்டால், அதை அப்படியே வாளியில் போடலாகாது; ரொட்டியைத் துண்டு போடுவது போல அங்கங்கே கீறி வைத்தால்தான் கரைசல் உள்ளே இறங்கும். பின்னர் சதையை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாகச் சீவி, ஏற்பியைத் தேடிப் பற்றும் எதிர்ப் புரதத்தை அதன் மேல் இட்டு, நிறமேற்றுகிறார்கள். ஏற்பி உள்ள உயிரணுவின் கரு பழுப்பு நிறம் பெறும். கெட்டுப்போன சதையில் ஏற்பி சிதைந்து போயிருக்கும், நிறம் ஏறாது. சோதனை செய்பவர் நேர்மையாகவே ‘இல்லை’ என்று எழுதுவார். இருந்ததை நாம் அழித்துவிட்டோம் என்பது தாளில் தெரியாது.

இதைக் கண்டுகொள்ள ஒரு சாட்சி உண்டு. மார்பகச் சதைத் துணுக்கில் புற்றுநோய் உயிரணுக்களோடு, நோயற்ற பால் நாளங்களும் பெரும்பாலும் அகப்படும். அவற்றின் உயிரணுக்கள் சிலவற்றில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இயற்கையாகவே உண்டு. அவை நிறமேறியிருந்தால் சோதனை சரியாக நடந்திருக்கிறது. புற்றில் நிறமில்லை என்றால் அங்கே ஏற்பி இல்லை என்பது மெய். பால் நாளங்களும் வெளுத்துக் கிடந்தால், ‘இல்லை’ என்பதற்கு மதிப்பே இல்லை. நல்ல சோதனைக் கூடங்கள் இச்சாட்சியைப் பற்றித் தாளிலேயே ஒரு வரி எழுதுகின்றன. சித்தியின் தாளில் அந்த வரி இல்லை.

இத்தவறு நம்மவர்க்கே உரியது என்று எண்ண வேண்டா. கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்தில், 1997 முதல் 2005 வரை செய்யப்பட்ட ஈஸ்ட்ரோஜன் ஏற்பிச் சோதனைகளில் பெருந்தவறுகள் நேர்ந்தன. 2005-ல் ஒரு நோயாளியின் திசுவை மீண்டும் சோதித்தபோது ‘இல்லை’ என்றிருந்தது ‘உண்டு’ என்று மாறிற்று. ஐயம் எழுந்து பழைய மெழுகுக் கட்டிகளை யெல்லாம் எடுத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழ நானூறு பேருக்குத் தவறான விடை தரப்பட்டிருந்தது தெரியவந்தது. டமாக்சிபென் பெற்றிருக்க வேண்டிய பெண்கள் அதைப் பெறாமலே ஆண்டுகள் கழிந்துவிட்டன. நீதிபதி மார்கரெட் கேமரன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 2009-ல் வெளியாயிற்று. செல்வ நாடு, அனைவருக்கும் அரசாங்கச் செலவில் சிகிச்சை தரும் நாடு. அங்கே எட்டு ஆண்டுகள் யாரும் கவனியாத ஒன்று, நம் சிற்றூர் மருத்துவமனைகளில் நிகழவில்லை என்று யார் உறுதி கூற முடியும்?

நம் நாட்டுக் கணக்குகள் இக்கவலைக்கு இடந் தருகின்றன. மேல்நாடுகளில் மார்பகப் புற்றுநோயில் பத்தில் ஏழு அல்லது எட்டில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி காணப்படுகிறது. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையார் 798 கட்டிகளைச் சோதித்து 2000-ம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலேயே அது காணப்பட்டது. மூன்று ஏற்பிகளும் இல்லாத வகை, நம் நாட்டில் கால் பங்கிற்கும் மேல் என்று பல மருத்துவமனைகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கூறுகின்றனர்; மேல்நாடுகளில் அதில் ஏறத்தாழப் பாதியே. நம் பெண்களுக்கு இந்நோய் இளம் வயதில் வருவது ஒரு காரணம். முற்றிய பின்னரே மருத்துவமனைக்கு வருவது மற்றொரு காரணம். சதையைப் பதப்படுத்துவதில் நேரும் குறையும் ஒரு பங்கு வகிக்கிறது என்று நம் நோய்க்குறி வல்லுநர்களே எழுதியிருக்கிறார்கள். 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதென உலகப் புற்றுநோய்க் கணக்கு மதிப்பிட்டது. அத்தகைய தொகையில் நூற்றுக்கு இரண்டு ‘இல்லை’கள் பொய்யாக இருந்தாலும் எத்தனை ஆயிரம் மாத்திரைப் பெட்டிகள் எழுதப்படாமற் போகின்றன என்று ஆசிரியர்கள் மாணவர்களைக் கணக்கிடச் சொல்லலாம்.

இன்னொன்றும் உண்டு. ‘இல்லை’ என்பதன் எல்லையே காலத்திற்குக் காலம் நகர்கிறது. முன்னர் நூறு உயிரணுக்களில் பத்திலாவது நிறம் ஏறினால்தான் ‘உண்டு’ என்று பலர் எழுதினர். 2010-ம் ஆண்டு அமெரிக்க வல்லுநர் குழு, நூற்றுக்கு ஒன்று இருந்தாலும் ‘உண்டு’ என எழுதப் பணித்தது. 2020-ல் ஒன்று முதல் பத்து வரையுள்ளதைக் ‘குறைவாக உண்டு’ என்று தனியே குறிக்கச் சொன்னது. ஆகவே நூற்றுக்கு ஐந்து நிறம் ஏறிய கட்டி 2008-ல் ‘இல்லை’ என்றும், 2012-ல் ‘உண்டு’ என்றும், இன்று ‘குறைவாக உண்டு’ என்றும் எழுதப்படும். கட்டி மாறவில்லை. ஹெர்-2 வரியிலும் அவ்வாறே. சுழியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று மதிப்பெண் தருவார்கள். மூன்று என்றால் மிகுதி. இரண்டு என்றால் ஐயம், ஜீன் சோதனை செய்து முடிவு காண வேண்டும். ஒன்றும் சுழியமும் ‘இல்லை’ எனப்பட்டன. 2022-ல் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் என்னும் புதிய மருந்து, பரவிய நோயில், மதிப்பெண் ஒன்று பெற்றவர்களுக்கும் பயன் தருவது புலப்பட்டது. நேற்று வரை ‘இல்லை’ என்று ஒதுக்கப்பட்டவர்கள் இன்று ‘சிறிது உண்டு’ என்னும் வகுப்பில் சேர்ந்தார்கள். அம்மருந்தின் சுங்கவரியை 2024 ஜூலை வரவு செலவுத் திட்டத்தில் மத்திய அரசு நீக்கிற்று. ஆயினும் அதன் விலை எளியோர்க்கு எட்டுவதாக இல்லை. ஆகவேதான் தாளில் ‘நெகடிவ்’ என்னும் ஒற்றைச் சொல் மட்டும் போதாது, சதவிகிதமும் மதிப்பெண்ணும் இருக்க வேண்டும் என்கிறேன். எண் இருந்தால் நாளைக்கு எல்லை நகரும்போது அந்தப் பெண்ணைத் தேடிப் பிடிக்கலாம்.

களப்பணியாளர் இதில் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி எழும். சோதனைக் கூடத்திற்குள் நாம் செல்ல இயலாது. ஆனால் சதை எடுக்கும் நாளன்று, அந்தப் பெண்ணுடன் செல்பவர் பெரும்பாலும் நம் ஊர் சுகாதார ஊழியரே. “பார்மலினில் போட்டீர்களா?” என்னும் நான்கெழுத்துப் பெயர் கொண்ட ஒரு கேள்வியை அவர் கேட்கலாம். பெயரில் ஐந்தெழுத்து என்று ஆசிரியர்கள் திருத்தக் கூடும். கேள்வியைக் கேட்டால் போதும். கேட்டால் மருத்துவமனையார் கோபிப்பார்கள் என்று ஓர் ஊழியர் என்னிடம் கூறினார். இருக்கலாம். நல்ல மருத்துவர் கோபிப்பதில்லை என்பது என் அனுபவம். கோபிப்பவரிடம் கேட்க வேண்டியது இன்னும் அவசியம். மேலும், மெழுகுக் கட்டி நோயாளியின் உடலிலிருந்து எடுத்தது. பல ஆண்டுகள் கெடாமல் இருக்கும். மீண்டும் சோதிக்க வேண்டுமென்றால் அதைக் கேட்டு வாங்கி வேறிடம் கொண்டு செல்லலாம். ஏர்பேட்டிலிருந்து ஒருவர் திருப்பதிக்கும், வேலூருக்கும், சென்னைக்கும் அலைவதுண்டு. தாள்களைப் பத்திரமாகக் கட்டிச் செல்கிறார்கள்; மெழுகுக் கட்டியைக் கொண்டு செல்பவரை நான் கண்டது அரிது.

சோதனைக் கூடங்களைப் பொறுத்தவரை, தாளின் அடியில் நோயாளியின் மொழியில் நான்கு வரி அச்சிடுவது பெருஞ்செலவு அன்று. மருத்துவம் தொழில் நுட்பமானது, அதைப் பாமரர் மொழியில் சுருக்கினால் தவறு நேரும் என்று அலுவலகத்தில் என் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். சுருக்காமல் விட்டதால் நேர்ந்த தவற்றை அவருக்குச் சொன்னேன். அவர் இன்னும் இணங்கவில்லை.

சித்தியின் செய்தியை முடித்துவிடுகிறேன். இதை எழுத அவர் சம்மதம் தந்திருக்கிறார். திருப்பதியில் மீண்டும் சதை எடுத்தார்கள். இம்முறை குப்பியில் பார்மலின் இருந்தது, நேரமும் குறிக்கப்பட்டது. பத்து நாட்களில் தாள் வந்தது. மூன்று வரியிலும் மறுபடியும் ‘இல்லை’ என்பதே விடை. பால் நாளங்கள் நன்றாக நிறமேறியிருந்தன என்று ஒரு வரி கூடுதலாக இருந்தது. ‘இதற்காகவா இரண்டாம் முறை குத்தினீர்கள்?’ என்று தம்பி வருந்தினான். மருத்துவர், “முதலில் நமக்குத் தெரியாது, இப்போது தெரியும்” என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த வாரமே மருந்தேற்றத் தொடங்கினார். மூன்று மாதத்தில் கட்டி வளர்ந்திருந்தது. அக்குளிலும் நெறி கட்டியிருந்தது. எட்டு முறை மருந்தேற்றி, அறுவைச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் முடிந்தன. முடி மீண்டும் வளர்ந்துவிட்டது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை திருப்பதிக்குப் போய் வருகிறார்.

தாள்கள் இப்போது பரணில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணியே ஒரு பிளாஸ்டிக் உறையில் இட்டு, மெழுகுக் கட்டி இருக்கும் இடத்தின் எண்ணையும் மேலே தெலுங்கில் எழுதி, சுவர் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார்.